அயல் அடுப்பில் ஆகும் சமையல்

ஓர் இயக்க அமைப்புக்கென எழுதப்பட்ட நிரல் இன்னோர் இயக்க அமைப்பில் ஓடுவது எப்படி?

2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அக்கணினிகள், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கும் ஏறின. தொடக்க ஆண்டுகளில் தரப்பட்ட கணினிகளில் ஒரு சிறப்பு இருந்தது. பொத்தானை அழுத்தியதும், "விண்டோஸ் வேண்டுமா, பாஸ் லினக்ஸ் வேண்டுமா?" என்று திரை கேட்கும். ஒரே பொறியில் இரண்டு இயக்க அமைப்புகள் குடியிருந்தன.

பாஸ் லினக்ஸ் நம் நாட்டில் தொகுக்கப்பட்டது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் 2007-இல் அதன் முதல் பதிப்பை வெளியிட்டது. டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்ட அது, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேலை செய்ய வசதி தருவது, விலையற்றது.

இப்பொழுது ஒரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். செம்மேட்டில் ஒரு மாணவி இருக்கிறாள். அவளுடைய மடிக்கணினியில் விண்டோஸ் பழுதாகிவிட்டது; லினக்ஸ் மட்டும் நன்றாக ஓடுகிறது. அவள் கையில் இருக்கும் பாடக் குறுந்தகடோ விண்டோஸுக்கென எழுதப்பட்டது. கணினி பழுது பார்ப்பவரிடம் போக வேண்டுமானால் மலையிறங்க வேண்டும். அந்தக் குறுந்தகட்டை லினக்ஸிலேயே ஓட்ட முடியுமா? "முடியாது, அது வேறு, இது வேறு" என்று சொல்லுவோர் பலர். ஆனால் சரியான விடை, "பெரும்பாலும் முடியும்" என்பதே. அஃது எப்படி முடிகிறது, எங்கே முடியாமற் போகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சமையல்காரரும் சமையலறையும்

நிரல் என்பது கணிப்பொறிக்கு இடும் ஆணைகளின் தொடர். ஆணைகளை நிறைவேற்றுவது செயலி. கூட்டு, கழி, ஒப்பிடு, நினைவகத்தில் இந்த இடத்திலிருந்து எடு, அந்த இடத்தில் வை என்பன போன்ற எளிய வேலைகளை அது மிக விரைவாகச் செய்கிறது. ஆனால் திரையில் எழுத்தைக் காட்டுவது, வட்டிலிருந்து கோப்பைப் படிப்பது, அச்சுப்பொறியை இயக்குவது போன்ற வேலைகளை நிரல் தானாகச் செய்துகொள்வதில்லை. இவற்றுக்கு இயக்க அமைப்பிடம் விண்ணப்பம் போட வேண்டும். ஒரே நேரத்தில் பல நிரல்கள் ஒரே வட்டையும் திரையையும் நாடுவதால், இடையில் நின்று ஒழுங்கு செய்ய ஒருவர் தேவை. அந்த ஒருவரே இயக்க அமைப்பு. இதனை இயங்குதளம் என்றும் கூறுவர்.

சேந்தமங்கலத்தில் ஒரு சமையல்காரர் இருப்பதாகக் கொள்வோம். தம் சமையலறையில் அவருக்கு எல்லாம் மனப்பாடம். "மேல் தட்டில் இடப்பக்கம் மூன்றாவது டப்பாவை எடு" என்று எடுபிடியிடம் சொன்னால் துவரம்பருப்பு வரும். ஒரு நாள் அவர் கொல்லிமலையில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போகிறார். அங்கும் அடுப்பு உண்டு. தீயும் அதே தீ. பழக்க வாசனையில் அவர், "மேல் தட்டில் இடப்பக்கம் மூன்றாவது டப்பா" என்கிறார். வருவது சாமை! சாம்பார் கெடுகிறது. சமையல்காரருக்குத் திறமை குறைந்துவிட்டதா? இல்லை. அடுப்பில் குறையா? அதுவும் இல்லை. கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் இடையே இருந்த ஏற்பாடு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இங்கே சமையல்காரர் நிரல், அடுப்பு செயலி, சமையலறை ஏற்பாடு இயக்க அமைப்பு. நம் மாணவியின் மடிக்கணினியில் விண்டோஸும் லினக்ஸும் பயன்படுத்துவது ஒரே செயலியைத்தான். ஆகவே விண்டோஸ் நிரலில் உள்ள "கூட்டு", "கழி" ஆணைகள் லினக்ஸ் ஓடும்போதும் அதே செயலிக்கு நன்றாகப் புரியும். சிக்கல் வருவது விண்ணப்பங்களில்தான்.

மூன்று வேறுபாடுகள்

முதலாவது, கோப்பின் வடிவம். விண்டோஸ் நிரல் கோப்பின் முதல் இரண்டு பைட்டுகளில் 77, 90 என்ற எண்கள் இருக்கும். எழுத்துக் குறியீட்டின்படி அவை 'எம்', 'இசட்' என்னும் ஆங்கில எழுத்துகள். லினக்ஸ் நிரல் கோப்பின் முதல் நான்கு பைட்டுகள் 127, 69, 76, 70. இவற்றில் பின் மூன்றும் 'இ', 'எல்', 'எஃப்' என்னும் எழுத்துகள். இயக்க அமைப்பு முதலில் இந்த நெற்றிக்குறியைப் பார்க்கும். தன் குறியாக இல்லாவிட்டால், "இஃது எனக்கு உரிய நிரல் அன்று" என்று வாசலிலேயே நிறுத்திவிடும்.

இரண்டாவது, விண்ணப்பத்தின் முறை. லினக்ஸில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஓர் எண் உண்டு. இன்றைய 64 பிட் இன்டெல் வகைச் செயலிகளில் 'படி' என்பதற்கு 0, 'எழுது' என்பதற்கு 1, 'கோப்பைத் திற' என்பதற்கு 2, 'நிரலை முடி' என்பதற்கு 60. விண்டோஸிலும் உள்ளுக்குள் எண்கள் உண்டு. ஆனால் அவை பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. எனவே விண்டோஸ் நிரல்கள் எண்களை நேராகப் பயன்படுத்துவதில்லை. 'கெர்னல்32', 'யூசர்32', 'ஜிடிஐ32' என்பன போன்ற பெயருள்ள துணை நூலகங்களை அழைக்கின்றன. கோப்பு வேலைக்கு ஒரு நூலகம், சாளரங்களுக்கு ஒன்று, படம் வரைய ஒன்று எனப் பிரிவுகள் உண்டு.

மூன்றாவது, சுற்றுப்புறம். விண்டோஸில் வட்டுகளுக்கு 'சி', 'டி' என்று எழுத்துப் பெயர். லினக்ஸில் எல்லாக் கோப்புகளும் ஒரே வேரிலிருந்து கிளைக்கும் மரம். எழுத்துப் பெயர் கிடையாது. விண்டோஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் கோப்புப் பெயரில் வழக்கமாக ஒன்றாகவே கருதும். லினக்ஸ் அவற்றை வேறு வேறாகக் கருதும்.

இம்மூன்றையும் சமாளிக்க மூன்று வழிகள் உள்ளன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி: சமையலறையையே கட்டிக் கொடுத்தல்

சமையல்காரருக்கு அவருடைய சேந்தமங்கலத்துச் சமையலறையை அப்படியே மலைமேல் கட்டிக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. கணிப்பொறிக்குள்ளேயே இன்னொரு கணிப்பொறியை நிரலால் உருவாக்கி, அதற்குள் பழைய இயக்க அமைப்பை நிறுவுவது இந்த வழி.

இது புதிய எண்ணமன்று. 1959-இல் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த 1401 என்னும் கணிப்பொறி உலகெங்கும் விற்றது. நம் நாட்டிலும் ரயில்வே போன்ற துறைகளில் 1960-களில் வேலை செய்தது. 1964 ஏப்ரல் 7 அன்று அதே நிறுவனம் 'சிஸ்டம் 360' என்ற புதிய வரிசையை அறிவித்தது. வாடிக்கையாளர்கள் ஒரு கேள்வி கேட்டனர்: "பல ஆண்டுகள் உழைத்து எழுதிய 1401 நிரல்களை என்ன செய்வது? எல்லாவற்றையும் மறுபடியும் எழுதுவதா?" அதற்கு விடையாக, புதிய பொறி பழைய பொறியைப் போலவே நடந்துகொள்ளும் ஏற்பாட்டை ஐபிஎம் செய்து கொடுத்தது. இதற்கு 'எமுலேட்டர்' என்று பெயர். நாம் இதனைப் 'போலச் செய்யும் பொறி' எனலாம். புதிய பொறியில் பழைய நிரல்கள் பலவும் முன்னைவிட விரைவாகவே ஓடின.

இன்று நமக்குப் பழக்கமான எடுத்துக்காட்டு டர்போ சி++. போர்லண்ட் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் டாஸ் இயக்க அமைப்புக்காக வெளியிட்ட இந்த மென்பொருள், தமிழகக் கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலம் கோலோச்சியது. ஊசலின் அலைவு நேரத்தைக் கணக்கிடும் நிரலை இதில் எழுதிப் பழகிய இயற்பியல் மாணவர்கள் ஏராளம். ஆனால் 64 பிட் விண்டோஸில் இந்த டாஸ் மென்பொருள் நேராக ஓடாது. டாஸ் நிரல்களை ஓட்டத் துணைபுரிந்த பகுதி 64 பிட் விண்டோஸில் சேர்க்கப்படவில்லை. செயலியும் 64 பிட் நிலையில் இயங்கும்போது பழைய 16 பிட் டாஸ் நிரல்களுக்கான தனி முறையைத் தருவதில்லை. விண்டோஸிலேயே எழுந்த சிக்கல் இது!

இதற்கு மருந்து 'டாஸ்பாக்ஸ்'. 2002-இல் முதலில் வெளிவந்த இந்த இலவச நிரல், பழைய செயலி, திரை அட்டை, ஒலி அட்டை, டாஸ் ஆகிய அனைத்தையும் போலச் செய்கிறது. டர்போ சி++ தான் 1991-ஆம் ஆண்டுக் கணிப்பொறியில் இருப்பதாகவே நம்பிக்கொண்டு ஓடுகிறது. டாஸ்பாக்ஸுக்கு விண்டோஸ் வடிவமும் உண்டு, லினக்ஸ் வடிவமும் உண்டு. ஆகவே ஒரே டாஸ் நிரலை இரண்டிலும் ஓட்டலாம்.

போலச் செய்வதில் வேகத்தையும் கவனிக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. டர்போ பாஸ்கல் என்னும் பழைய மென்பொருளில் எழுதிய நிரல்கள் பல, தொடங்கும்போதே செயலியின் வேகத்தை அளந்துகொள்ளும். டாஸ் கடிகாரத்தின் ஒரு துடிப்பு சுமார் 55 மில்லி நொடி. அந்த நேரத்தில் எத்தனை முறை எண்ண முடிகிறது என்று பார்த்து, அதை 55-ஆல் வகுத்து, ஒரு மில்லி நொடிக்கு எத்தனை எண்ணிக்கை என்று குறித்துக்கொள்ளும். வகுத்து வரும் ஈவு 16 பிட் இடத்தில் அடங்க வேண்டும். அதாவது 65,535-க்கு மேற்படலாகாது. 65,535-ஐ 55-ஆல் பெருக்கினால் சுமார் 36 லட்சம். எழுதிய காலத்தில் எந்தக் கணிப்பொறியும் 55 மில்லி நொடியில் 36 லட்சம் வரை எண்ணவில்லை. 1990-களின் இறுதியில் வந்த செயலிகள் எண்ணிவிட்டன! விளைவு, நிரல் தொடங்கிய கணத்திலேயே 'பிழை 200' என்று சொல்லி நின்றது. டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறைத்து வைக்க வசதி உண்டு; குறைத்தால் அந்நிரல்கள் மீண்டும் ஓடுகின்றன.

செயலி ஒன்றாக இருக்கும்போது அதையும் போலச் செய்ய வேண்டிய தேவை இல்லை. ஆணைகளை உண்மைச் செயலியிடமே விட்டுவிட்டு, வட்டு, திரை, வலையமைப்பு போன்றவற்றை மட்டும் போலியாகக் காட்டினால் போதும். இதற்கு 'மெய்நிகர்ப் பொறி' என்று பெயர். 2005-ஆம் ஆண்டு முதல் இன்டெல் செயலிகளிலும், அடுத்த ஆண்டு முதல் ஏஎம்டி செயலிகளிலும் இதற்கென்றே தனி வசதி சேர்க்கப்பட்டது.

இரண்டாம் வழி: மொழிபெயர்ப்பாளரை நிறுத்துதல்

சமையலறையைக் கட்டுவது பெருஞ்செலவு. அதைவிட எளிது, விவரம் தெரிந்த ஒருவரைச் சமையல்காரர் அருகில் நிறுத்துவது. அவர், "மேல் தட்டு, இடப்பக்கம், மூன்றாவது டப்பா" என்றால், "இவர் கேட்பது துவரம்பருப்பு, அது இவ்வீட்டில் கீழ்த்தட்டுப் பானையில் உள்ளது" என்று புரிந்துகொண்டு எடுத்துக் கொடுத்துவிடுவார். சமையல் தடையின்றி நடக்கும்.

'வைன்' என்னும் மென்பொருள் செய்வது இதைத்தான். லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் நோக்கத்துடன் பாப் ஆம்ஸ்டட், எரிக் யங்டேல் என்னும் இருவர் 1993-இல் இம்முயற்சியைத் தொடங்கினர். 1994 முதல் அலெக்சாண்டர் ஜூலியார்ட் இதற்குத் தலைமை தாங்கி வருகிறார். 15 ஆண்டுகள் உழைத்து 2008 ஜூனில்தான் முதல் நிறைவுப் பதிப்பை வெளியிட்டார்கள். "வைன் எமுலேட்டர் அன்று" என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இப்பெயரை விளையாட்டாக வைத்தனர். பெயரிலேயே பாடம் இருக்கிறது. வைன் செயலியைப் போலச் செய்வதில்லை. விண்ணப்பங்களை மட்டுமே மாற்றித் தருகிறது.

அது வேலை செய்யும் முறையைப் படிப்படியாகக் காண்போம். விண்டோஸ் நிரலை வைனிடம் கொடுத்ததும், அது 77, 90 என்ற நெற்றிக்குறியை அறிந்து, கோப்பின் பகுதிகளைப் பிரித்து நினைவகத்தில் வைக்கிறது. பிறகு, அந்நிரல் எந்தெந்தத் துணை நூலகங்களை அழைக்கிறது என்ற பட்டியலைப் படிக்கிறது. 'கெர்னல்32' வேண்டுமா? மைக்ரோசாஃப்டின் நூலகத்துக்குப் பதிலாக, அதே பெயரில் தான் எழுதி வைத்திருக்கும் நூலகத்தை இணைக்கிறது. பின்னர் நிரலை ஓட விடுகிறது. கூட்டல், கழித்தல் எல்லாம் நேராகச் செயலிக்குப் போகின்றன. அங்கே காலதாமதம் இல்லை. நிரல், "சி வட்டில் பாடம் என்ற கோப்பைத் திற" என்று கேட்கும்போது, வைனின் நூலகம் அதை வாங்கிக்கொள்கிறது. 'சி வட்டு' என்பதற்கு ஈடாகப் பயனரின் வீட்டு அடைவுக்குள் ஒரு தனி அடைவை அது முன்பே ஒதுக்கி வைத்திருக்கும். அங்கே பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பாராமல் தேடுகிறது. பிறகு லினக்ஸிடம் 'திற' என்ற விண்ணப்பத்தை அனுப்புகிறது. வந்த விடையை விண்டோஸ் வழக்கப்படி மாற்றி நிரலிடம் கொடுக்கிறது. நிரலுக்கு எதுவும் தெரியாது!

இதில் நேர்மை பற்றிய ஒரு செய்தியும் உண்டு. மைக்ரோசாஃப்டின் மூல நிரலைப் பார்த்தவர்கள் வைனுக்கு எழுதக் கூடாது என்பது அத்திட்டத்தின் விதி. வெளியிட்ட விவரங்களைப் படித்தும், "இப்படிக் கேட்டால் விண்டோஸ் என்ன விடை தருகிறது?" என்று சோதித்துப் பார்த்துமே எழுதுகிறார்கள். ஒரு கருவியின் உள்ளே பாராமல், அதற்கு உள்ளீடு கொடுத்து வெளியீட்டை அளந்து அதன் இயல்பை அறிவது இயற்பியல் ஆய்வகத்தில் நாம் செய்யும் வேலைதான்.

எது சிக்கனம்?

செம்மேட்டு மாணவியின் கணினியில் 2 ஜிகாபைட்டு, அதாவது 2048 மெகாபைட்டு, நினைவகம் இருப்பதாகக் கொள்வோம். மெய்நிகர்ப் பொறியில் 32 பிட் விண்டோஸ் 7-ஐ நிறுவ, மைக்ரோசாஃப்ட் கூறும் குறைந்த தேவை நினைவகம் 1024 மெகாபைட்டு, வட்டில் இடம் 16 ஜிகாபைட்டு. கீழே ஓடும் லினக்ஸுக்கு 500 மெகாபைட்டு என்று வைத்தால், மிச்சம்:

2048 - 1024 - 500 = 524 மெகாபைட்டு.

அதில்தான் மற்றவை எல்லாம் அடங்க வேண்டும். இரண்டு இயக்க அமைப்புகளும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதால் கணினி திணறும். விண்டோஸுக்கு முறையான உரிமமும் வேண்டும். வைன் வழியிலோ, இரண்டாவது இயக்க அமைப்பே கிடையாது. நிரலுக்கு வேண்டிய இடமும் வைனின் நூலகங்களுக்கு வேண்டிய இடமும் போதும். பாஸ் லினக்ஸுக்கு அடிப்படையான டெபியன் தொகுப்பில் வைன் உண்டு. எனவே சிறிய கணினிக்கும் மெதுவான இணையத்துக்கும் ஏற்றது இரண்டாம் வழி.

எழுதாத ஒப்பந்தங்கள்

அப்படியானால் எல்லா நிரலும் வைனில் ஓடிவிடுமா? ஓடாது. ஏன் என்பதை அறிவது முக்கியம்.

ஒரு நிரல் இயக்க அமைப்பின் எழுதிய விதிகளை மட்டும் நம்புவதில்லை. எழுதாத பழக்கங்களையும் நம்பிவிடுகிறது. 'சிம்சிட்டி' என்ற நகர் அமைக்கும் விளையாட்டு இதற்குப் புகழ்பெற்ற சான்று. அது தான் திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவக இடத்தை, கொடுத்த பின்பும் எட்டிப் பார்த்தது. பழைய விண்டோஸில் அவ்விடத்தை உடனே வேறொருவருக்குத் தராததால் தீங்கு நேரவில்லை. விண்டோஸ் 95-இல் நினைவகம் கையாளும் முறை மாறியதால் அது கெட்டது. மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது தெரியுமா? ஓடுவது சிம்சிட்டி எனில் நினைவகத்தைப் பழையபடி கையாளும் தனி ஏற்பாட்டை விண்டோஸ் 95-க்குள் சேர்த்தது! இவ்வாறு ஓர் இயக்க அமைப்பின் அடுத்த பதிப்பே பழைய நிரல்களுக்குச் சற்று அயல் வீடுதான். வைன் எழுதுவோர் சரியான நடத்தையோடு, பிற நிரல்கள் நம்பியிருக்கும் தவறான நடத்தையையும் சேர்த்தே ஒத்திருக்கச் செய்ய வேண்டியிருக்கிறது.

இயக்க அமைப்பின் கருவுக்குள்ளேயே நுழைந்து வேலை செய்யும் நிரல்களுக்கும் வைன் உதவாது. சில கருவிகளை இயக்கும் துணை நிரல்கள், வைரஸ் தடுப்பு நிரல்கள், இணைய விளையாட்டுகளில் ஏமாற்றைத் தடுக்கும் சில காவல் நிரல்கள் ஆகியவை அவ்வகை. எடுபிடியிடம் கேட்காமல் சுவரை இடித்துக்கொண்டு கிடங்குக்குள் போகும் சமையல்காரருக்கு மொழிபெயர்ப்பாளர் என்ன செய்ய முடியும்?

மைக்ரோசாஃப்டும் எதிர்த்திசையில் இந்த இரு வழிகளையும் முயன்றது. விண்டோஸில் லினக்ஸ் நிரல்களை ஓட்ட 2016-இல் விண்டோஸ் 10-இல் ஒரு வசதி தந்தது. அதன் முதல் பதிப்பு லினக்ஸ் விண்ணப்பங்களை மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளர். விண்ணப்பங்கள் அனைத்தையும் ஈடுசெய்வது கடினமாக இருந்தது. கோப்பு வேலைகளும் மெதுவாக நடந்தன. 2019-இல் அறிவித்த இரண்டாம் பதிப்பில் உண்மையான லினக்ஸ் கருவையே மெய்நிகர்ப் பொறியில் வைத்துவிட்டது. எந்த வழி சிறந்தது என்பதற்கு எங்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை என்பதை இது காட்டுகிறது.

வைனின் வழியும் சோர்ந்துவிடவில்லை. வால்வ் நிறுவனம் 2018-இல் வைனை அடிப்படையாகக் கொண்டு 'புரோட்டான்' என்ற மென்பொருளை வெளியிட்டது. 2022-இல் அது விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஸ்டீம் டெக்' என்னும் கைக்கருவியில் ஓடுவது லினக்ஸ். விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகள் ஏராளமானவை அதில் ஓடுகின்றன.

செயலியே வேறானால், வைன் மட்டும் போதாது. கைபேசிகளில் உள்ள ஏஆர்எம் வகைச் செயலிக்கு இன்டெல் ஆணைகள் புரியா. அடுப்பே மாறிவிட்ட நிலை இது. அப்போது ஒவ்வோர் ஆணையையும் மொழிபெயர்க்க வேண்டும். ஒரு முறை பெயர்த்த பகுதியைச் சேமித்து வைத்து, மறுமுறை அதையே பயன்படுத்துவது வேகத்தைக் கூட்டும் உத்தி. ஆப்பிள் நிறுவனம் 2020-இல் தன் மேசைக் கணினிகளை ஏஆர்எம் வகைச் செயலிகளுக்கு மாற்றத் தொடங்கியபோது இத்தகைய பெயர்ப்பியையே துணைக்கு அமர்த்தியது.

மூன்றாம் வழி: சமையல் குறிப்பைப் பொதுவாக எழுதுதல்

சமையல்காரர் தம் குறிப்பில், "மேல் தட்டு மூன்றாவது டப்பா" என்று எழுதாமல், "துவரம்பருப்பு இரண்டு படி" என்று எழுதியிருந்தால்? எந்த வீட்டிலும் சமைத்துவிடலாம். நிரலை மூல வடிவில், எல்லா இயக்க அமைப்புகளுக்கும் பொதுவான மொழியில் எழுதிக் கொடுப்பது இந்த வழி. மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் எடுப்போர் பயிலும் பைத்தான் மொழி இத்தகையது. கவனமாக எழுதிய பைத்தான் நிரல் ஒன்று விண்டோஸிலும் லினக்ஸிலும் மாற்றமின்றி ஓடும். ஒவ்வோர் இயக்க அமைப்பிலும் அதற்குரிய பைத்தான் பெயர்ப்பி இருந்தால் போதும்.

இந்தப் பொதுமை நிரலுக்கு மட்டுமன்று, எழுத்துக்கும் வேண்டும். ஒரு காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீட்டைப் பின்பற்றின. ஒரு கணினியில் தட்டச்சு செய்த தமிழ்க் கடிதம், அதே எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடையும் டேஸ்-16 என்னும் குறியீட்டையும் தரமாக ஏற்றது. இன்று யூனிகோடில் எழுதிய தமிழ், இயக்க அமைப்பு எதுவாயினும் தமிழாகவே தெரிகிறது.

இதனால் நமக்கு என்ன?

கணிப்பொறி சில ஆண்டுகளில் பழுதாகும். இயக்க அமைப்பின் பதிப்புக்கும் ஆயுள் உண்டு. விண்டோஸ் 7-க்கு அளித்துவந்த பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்திக்கொண்டது. ஆனால் ஒரு நல்ல பாட நிரல், ஓர் ஊரின் மழைக் கணக்கு, ஆசிரியர் பல ஆண்டுகள் தொகுத்த வினா வங்கி ஆகியவை அவற்றைவிட நீண்ட நாள் வாழ வேண்டியவை. நகரத்துப் பள்ளி புதிய கணினியும் புதிய மென்பொருளும் வாங்கிவிடும். வாங்க இயலாத இடத்தில்தான், "இந்த நிரல் இன்னும் ஓடுமா?" என்ற கேள்விக்குக் கனம் அதிகம். மலைமேல் உள்ள ஒரு பள்ளியின் பழைய மடிக்கணினி குப்பைக்குப் போகிறதா, இன்னும் நான்காண்டு பாடம் சொல்கிறதா என்பதை இந்த அறிவு முடிவு செய்யக்கூடும். இயக்க அமைப்பும் நிரலும் பிரிக்க முடியாதவை அல்ல. இடையே இருப்பது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தத்தைத் தெளிவாக அறிந்தவர் எவராயினும் அதை நிறைவேற்றிக் காட்டலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வைனில் ஓடும் நிரலுக்கு வழக்கமாக உங்கள் வீட்டு அடைவில் உள்ள கோப்புகளைத் தொடும் உரிமை உண்டு. நல்ல விண்டோஸ் நிரல் ஓடும் வழியில் தீய விண்டோஸ் நிரலும் ஓடக்கூடும். ஆகவே நம்பகமான இடத்திலிருந்து வந்த நிரல்களையே ஓட்டுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு முன்னதாக ஒரு படி எடுத்து வையுங்கள்.

செய்து பாருங்கள்

1. பள்ளிக் கணினியில் ஆசிரியர் துணையுடன் ஒரு விண்டோஸ் நிரல் கோப்பையும் ஒரு லினக்ஸ் நிரல் கோப்பையும் பைட்டுகளைக் காட்டும் கருவியில் திறந்து, முதல் நான்கு பைட்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்கருவி பதினாறடி எண்களில் காட்டினால் பத்தடிக்கு மாற்றுங்கள். 77, 90 கிடைக்கிறதா? 127, 69, 76, 70 கிடைக்கிறதா?

2. உங்கள் கணினியில் 4 ஜிகாபைட்டு நினைவகம் உள்ளது. லினக்ஸுக்கு 600 மெகாபைட்டும், மெய்நிகர்ப் பொறிக்கு 2 ஜிகாபைட்டும் ஒதுக்கினால் மிச்சம் எவ்வளவு?

3. டர்போ பாஸ்கல் நிரல் 55 மில்லி நொடியில் 22 லட்சம் வரை எண்ணியது. ஒரு மில்லி நொடிக்கு எண்ணிக்கை எவ்வளவு? அந்நிரல் ஓடுமா, 'பிழை 200' காட்டுமா?

4. ஒரே பைத்தான் நிரலை இரண்டு இயக்க அமைப்புகளிலும் ஓட்டுங்கள். நிரலில் கோப்பின் பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு முறையும் சிறிய எழுத்தில் ஒரு முறையும் கொடுத்துப் பாருங்கள். எதில் திறக்கிறது, எதில் மறுக்கிறது? காரணத்தை ஒரு பத்தியில் எழுதுங்கள்.